பாபின் இல்லாத தையல் மெஷின்

செத்தவர்கள் சும்மா வரமாட்டார்கள். ஏதாவது குறை இருந்தால்தான் கனவில் வருவார்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் பூன் தேக் அளவுக்கு இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் பினாங்கிலேயே கிடையாது. ராத்திரி கனவில் வந்த குறையெல்லாம் பொழுது விடிந்ததும் அவர் கடை வாசலுக்குத்தானே வந்து நிற்கும்!

அவர் காகிதத்தில் சாமான் செய்கிறவர். வீடு, கார், கட்டில், அலமாரி, சோறு வடிக்கிற மின்பானை, மூக்குக் கண்ணாடி, செருப்பு எல்லாம் செய்வார். வாங்கிப் போகிறவர்கள் செத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி எரிப்பார்கள். இங்கே புகையானது அங்கே பொருளாகும். பெயர் எழுத மறந்தால் வேறு எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான். அங்கேயும் இங்கே மாதிரிதான், நல்லவன் கெட்டவன் எல்லாம் கலந்துதான் இருப்பான்.

போன வருஷம் ஒரு காலையில் மீன் விற்கிற சுவான், பசாரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, எங்கம்மா வந்துட்டா."

"என்ன குறையாம்?"

"நீங்க செஞ்சு குடுத்த காத்தாடி நிக்கவே மாட்டேங்குதாம். ராப்பகலா சுத்துதாம். 'குளிர்ல கிடந்து நடுங்குறேன்டா, பெத்தவளை விறைக்க வச்சுட்டியே'ன்னு ஒரே ஒப்பாரி."

பூன் தேக் தலையில் அடித்துக்கொண்டார். இறக்கை வைத்தார், கூண்டு வைத்தார், தண்டு வைத்தார், சுவிட்ச் வைக்கவில்லை! அங்கேயே உட்கார்ந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சுவிட்ச் செய்து அவன் கையில் கொடுத்தார். "அம்மா பேரோட 'காத்தாடிக்கு'ன்னும் சேர்த்து எழுது. இல்லேன்னா எதுக்குன்னு தெரியாம முழிப்பா."

பத்து நாள் கழித்துச் சுவான் மறுபடி வந்தான். முகம் ஒரு மாதிரி தொங்கிப் போயிருந்தது. "சுவிட்ச் போய்ச் சேர்ந்துருச்சு போல, அண்ணே. அதுக்கப்புறம் அம்மா வரவே இல்லே." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். "திட்டினாலும் கண்ணால பார்த்தேன்ல. அதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பேச்சு பூன் தேக்கின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் மனைவி கிம் நியோ போய் அப்போது இரண்டு வருஷம் முடிந்திருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவள் அவர் கனவில் வரவில்லை.

கிம் நியோ தையல்காரி. கடையின் முன்பக்கம் அவள் மெஷின், பின்பக்கம் அவருடைய மூங்கிலும் காகிதமும். முப்பத்திநாலு வருஷம் அவள் உயிரோடு இருப்பவர்களுக்குச் சட்டை தைத்தாள், அவர் செத்தவர்களுக்குச் சட்டை ஒட்டினார். ரெண்டு பேருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. மெஷின் பேசும், கத்தரி பதில் சொல்லும், பொழுது போய்விடும்.

அவள் எதையும் கேட்டதில்லை. புதுத்துணி கேட்டதில்லை, ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டதில்லை. வயிற்றில் வலி வந்து எட்டு மாதம் 'வாயு' என்று சொல்லிக்கொண்டே மெஷினை மிதித்தாள். கடைசியில் டாக்டர் வாயால்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "ஏன்டி எங்கிட்ட சொல்லலே?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தினார். அவள் மெதுவாகச் சொன்னாள், "ஏழாம் மாசமாச்சே. உங்களுக்குத் தலைக்கு மேல வேலை."

சீனக் கணக்கில் ஏழாம் மாதம் பேய்களுக்குக் கதவு திறக்கிற மாதம். ஊரிலிருக்கிற பேய்க்கெல்லாம் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன், வீட்டிலிருந்தவளைப் பார்க்கவில்லையே என்று மனுஷன் இன்றைக்கும் உருகுகிறார். பாவம், வேறென்ன செய்வார்? செய்யத் தெரிந்ததைச் செய்தார். மாடி வீடு அனுப்பினார். மெத்தைக் கட்டில், குளிர்பெட்டி, துணி துவைக்கிற இயந்திரம், மழைக்குக் குடை, வெயிலுக்குத் தொப்பி எல்லாம் அனுப்பினார். ஒன்றிலும் ஒரு குறை கிடையாது. குளிர்பெட்டிக்குள் முட்டை அடுக்குகிற குழி உட்பட வைத்தார். தையல் மெஷின் மட்டும் அனுப்பவில்லை. அங்கே போயாவது ஓய்வாக உட்காரட்டும் என்று நினைத்தார்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் பிரம்பு நாற்காலியில் சாய்வார். அந்த நேரத்தில் கடைக்குள் வெயில் நேராக வராது. மேலே தொங்கும் காகிதச் சட்டைகளில் வடிகட்டி, தரையில் சிவப்பாகவும் பச்சையாகவும் விழும். காற்று வந்தால் சட்டைகள் ஒன்றையொன்று தொட்டுச் சரசரக்கும். ஊதுபத்திப் புகை அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே போகவும் மனசில்லாமல் நிற்கவும் தெரியாமல் மிதக்கும். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் அவருக்கு என்னென்னவோ தெரியும். காகிதக் குதிரை கழுத்தைத் திருப்புவது தெரியும். அவள் மட்டும் தெரியமாட்டாள்.

இந்த வருஷம் கல்லறைக்குப் போகிற நாளுக்கு இரண்டு வாரம் முன்னால், கிம் நியோவின் தங்கை சுவீ லான் வழக்கம்போல வந்தாள். பசாரில் பலகாரக் கடை வைத்திருக்கிறாள். மிச்சமானதை அத்தானுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதற்கு வட்டியாக நாலு வார்த்தை கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

"என்ன அத்தான், இந்த வருஷம் எங்கக்காவுக்கு என்ன? கப்பலா?"

"சிரிக்காதே லான். மூணு வருஷமாச்சு. ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாளா?"

"ஏன் வரணும்? மருமக வீட்டுச் சீர் மாதிரி எல்லாத்தையும் நிறைச்சு அனுப்பிட்டீங்க. குறை இருந்தாத்தானே ஜனம் வரும்?"

"மெஷின் அனுப்பலையே. அது குறைதானே? கேட்டாளா?"

சுவீ லான் வாழையிலையைப் பிரித்து ஒரு பலகாரத்தைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். "அவ எப்படிக் கேப்பா? இல்லாததையெல்லாம் பொறுத்துக்கிட்டே வாழ்ந்தவ. ஆனா ஒண்ணு. இருந்தும் ஓடாத மெஷினை எங்கக்கா பொறுக்கமாட்டா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஊருக்கெல்லாம் வாயில்லாப் பூச்சியான கிம் நியோவுக்கு மெஷினிடம் மட்டும் வாய் உண்டு. நூல் இரண்டு தடவை அறுந்தால் போதும். "நாசமாப் போற சனியனே, சோம்பேறி முண்டம், உன்னைக் கடல்ல தூக்கிப் போடறேன் பாரு" என்று ஆரம்பித்தால், தெருவில் போகிற சைக்கிள்காரன் தன்னைத்தான் சொல்கிறாள் என்று இறங்கிவிடுவான். அப்போதெல்லாம் பூன் தேக் கத்தரியை வைத்துவிட்டு ரசித்துக் கேட்பார்.

சுவீ லான் வேடிக்கைக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவருக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. சுவானின் அம்மா காற்றாடி இல்லாததற்கு வரவில்லையே, நிற்காத காற்றாடிக்குத்தானே வந்தாள்? மெஷின் அனுப்பவேண்டும். ஆனால் ஓடக்கூடாது. அப்போது வந்துதானே ஆகவேண்டும்?

யோசித்ததுமே வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷத்தில் வேண்டுமென்று ஒரு குறை வைத்து அவர் எதையும் கொடுத்ததில்லை. முகம் தெரியாத பிணத்துக்குச் செய்கிற செருப்பிலேயே உள்தையல் வரைகிறவர்! கட்டினவளை ஏமாற்றவா என்று ஒரு மனம் கேட்டது. ஒரே ஒரு தடவை, அவள் வாயால் 'எனக்கு இது வேணும்' என்று கேட்கவேண்டும், கேட்டுச் செய்துகொடுக்கவேண்டும் என்று இன்னொரு மனம் கெஞ்சியது. கெஞ்சின மனம்தான் ஜெயித்தது.

மூன்று வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்த நிஜ மெஷினைத் திறந்து அளவெடுத்தார். மூங்கிலைப் பிளாச்சாகக் கிழித்து வளைத்து, ஈரக் காகிதத்தை முறுக்கி அதனாலேயே முடிச்சுப் போட்டார். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. இரும்பு எரியாது, எரியாதது போய்ச் சேராது. கால்மிதிக்கு வலைப்பின்னலாகக் கறுப்பு அட்டையை வெட்டினார். சக்கரம் வெட்டினார். தோல் வாருக்குப் பதில் பழுப்புக் காகிதத்தைத் திரித்தார். உடம்புக்குக் கறுப்புக் காகிதத்தை மரவள்ளி மாவுப் பசையில் ஒட்டி, அதன் மேல் நிஜ மெஷினில் இருப்பது மாதிரியே தங்கப் பூ வரைந்தார். ஊசிக்கு மூங்கில் சிலாம்பு. இழுப்பறைக்குள் பொத்தான், அளவு நாடா, அவள் எப்போதும் வைத்திருக்கிற இஞ்சி மிட்டாய்.

கடைசியில் ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டை நகர்த்தினார். நிஜ மெஷினுக்குள், தையலுக்கு அடிநூல் கொடுக்கிற பாபின் இருந்தது. பாதிக்கு மேல் நீல நூல். யாருடைய பள்ளிச் சீருடையோ, முடிக்காமல் எழுந்து போயிருக்கிறாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது அவள் முக்காலியில் என்பதே அப்புறம்தான் உறைத்தது. பிறகு பாபினை இருந்த இடத்திலேயே வைத்து மூடினார். காகித மெஷினுக்கும் நகர்கிற தகடு ஒன்று செய்து பொருத்தினார். அதற்குள் ஒன்றும் வைக்கவில்லை.

கல்லறை நாளன்று காலை, குன்றுச் சரிவில் புல் பறித்து, அவள் பெயர் எழுத்துக்கு மறுபடி சிவப்பு மை தீட்டி, கோழியும் ஆரஞ்சும் மூன்று கிண்ணம் தேநீரும் வைத்தார்கள். ஈப்போவிலிருந்து மகள் லே குவான் வந்திருந்தாள். சுவீ லான் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அத்தான், சத்தியமாச் சொல்றேன், கால் வச்சா ஓடும் போல இருக்கு" என்றாள். பூன் தேக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீ வைத்தார்கள். எரிகிறதைக் குச்சியால் கிளறக்கூடாது, கிளறினால் சாமான் உடைந்து போய்ச் சேரும். அதனால் கைகட்டி நின்றார்கள். சக்கரம் கடைசியாக எரிந்தது. அனல் காற்றில் அது இரண்டு சுற்றுச் சுற்றியதை அவர் கண்ணால் பார்த்தார்.

பிறகு இரண்டு காசைச் சுண்டிக் கேட்கவேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் கிடைத்துவிட்டது, திருப்தி என்று அர்த்தம். சுவானின் அம்மா பதினெட்டுத் தடவை சுண்ட வைப்பாள். பூன் தேக் காசை எடுத்தார். இல்லை என்று விழட்டும், கோபமாக விழட்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டார். முதல் தடவையே ஒன்று தலை, ஒன்று பூ. "அம்மா என்னிக்குக் காக்க வச்சிருக்கா?" என்று லே குவான் சிரித்துக்கொண்டே சாமான்களை மூட்டை கட்டினாள்.

அன்றிலிருந்து அவர் தூக்கத்துக்கு அலைந்த அலைச்சலைக் கேட்காதீர்கள். கோப்பியை நிறுத்தினார். கட்டிலில் அவள் பக்கம் படுத்துப் பார்த்தார். மத்தியானத்தில் சாப்பிட்டதும் ஒரு தடவை, சாயங்காலம் மழை பெய்யும்போது ஒரு தடவை என்று நாற்காலியில் விழுந்தார். கனவுக்குக் காத்திருக்கிறவனுக்குத் தூக்கம் வருமா? வந்தாலும் யார் யாரோ வந்தார்கள். சுவானின் அம்மா வந்து, "சுவிட்ச் நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கும்பிட்டு அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் லே குவான் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, மழையா என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள்.

"என்னம்மா விஷயம்? மென்னு முழுங்காம சொல்லு."

"அம்மா வந்தாப்பா. நேத்து."

"உங்கிட்டயா?"

"ம். அந்தப் புது மெஷின் முன்னாடிதான் உக்காந்திருந்தா. ஆனா கையில ஊசி வச்சுத் தைச்சுக்கிட்டிருந்தா. 'மெஷின் இருக்கேம்மா, ஏன் கையால தைக்கிற'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாப்பா. 'பாபின் வைக்க மறந்துட்டார். எதையும் மறக்காத மனுஷன், வயசாகுதில்ல. நீ போய்ச் சொல்லிடாதே, மனசு சங்கடப்படுவார். எனக்குக் கைத்தையல் பழக்கம்தான்'னு சொன்னா. நான் மனசுல வச்சுக்கலாம்னுதான் பார்த்தேன், முடியலே. நிஜமாவே மறந்துட்டீங்களாப்பா?"

அவர் போனை வைத்துவிட்டு, காகிதச் சட்டைகளின் கீழே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிப் பாவி! அங்கே போயும் மறைக்கிறாயா? கண் மங்க மங்க, கையால் தைத்துக்கொண்டா? அதே எட்டு மாத வலி மாதிரி! அவர் ஏங்கி ஏங்கி அழுதார். ஒரு ஆள் வந்து கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வரலாம் என்று போய்விட்டான்.

அழுது முடித்ததும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளி அட்டையில் இரண்டு வட்டம், நடுவே காகிதச் சுருளில் ஒரு தண்டு. நகத்தளவு பாபின். அதற்கு ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு மெல்லிய நாக்கு, நூல் வருகிற கீறல். முழு மெஷினுக்கு எடுத்ததைவிட அதற்கு அதிக நேரம் எடுத்தார். நிஜ மெஷினைத் திறந்து, அவள் மிச்சம் வைத்த நீல நூலைப் பிரித்துக் காகிதப் பாபினில் ஒரு சுற்று விடாமல் சுற்றினார். பஞ்சு நூல்தான், நன்றாக எரியும்.

சீட்டில் அவள் பெயரை எழுதினார். 'மெஷினுக்கு' என்று எழுதினார். தூரிகையை வைக்கப் போனவர், மறுபடி எடுத்துக் கீழே பொடி எழுத்தில் எழுதினார்: 'மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். குறை சொல்லவாவது நீ வருவாய் என்று.'

வாசலில் தகர டப்பாவில் வைத்து எரித்தார். நகத்தளவு சாமான், ஒரு நொடியில் போய்விட்டது. நீலமாக ஒரு இழைப் புகை மட்டும் எழுந்து, தெருவைத் தாண்டி, எதிர்க் கூரைக்கு மேலே ஏறியது. அன்றைக்கு அவர் கனவுக்காகப் படுக்கவில்லை. அழுத களைப்பு. நாற்காலியில் சாய்ந்தார், மழை பிடித்துக்கொண்டது, தூங்கிப் போனார்.

மழைச் சத்தம் மெல்ல மெல்ல மெஷின் சத்தமாயிற்று. தரையெல்லாம் சிவப்பும் பச்சையும் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் அவள் முதுகு தெரிந்தது. அதே பூப்போட்ட சட்டை, கொண்டையில் செருகின ஊசி. கால் மிதித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் போய்விடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் டக்கென்று நின்றது. அவள் திரும்பினாள்.

"அறுபது வயசுக்கு மேல இது ஒரு புத்தியா? கட்டினவளைக் கூப்பிட வேற வழியே தெரியலியா உங்களுக்கு? பன்னெண்டு நாள் கையால தைச்சு விரலெல்லாம் ஓட்டை. நாசமாப் போற மனுஷா, உங்களைக் கடல்லதான் தூக்கிப் போடணும்!"

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"சரி, இப்பவாவது ஒழுங்கா அனுப்பினீங்களா? ஒரே ஒரு பாபின்! அதுவும் நீலம்! வெள்ளைத் துணிக்கு நான் என்ன செய்யறது? இன்னொண்ணு வேணும் எனக்கு. வெள்ளை நூல். கேக்குதா? எனக்கு வேணும்!"

சாயங்காலம் சுவீ லான் பலகாரப் பொட்டலத்தோடு வந்தபோது மழை விட்டிருந்தது. அத்தான் வெள்ளி அட்டையைக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளை நூல்கண்டு. அவர் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"என்ன அத்தான் இது கோலம்? அழுதீங்களா?"

"உங்கக்கா வந்தா."

பொட்டலம் அவள் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "ஐயோ! என்ன சொன்னா?"

பூன் தேக் கத்தரியைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையாக உட்கார்ந்த அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அப்படியொரு களை இருந்ததில்லை.

"திட்டினா, லான்" என்றார். "என்னமாத் திட்டினா தெரியுமா!"